பேய்ப் படத்துக்குக் கதை சொன்னவள்

அன்புள்ள லோஷினிக்கு,

பெர்மாஸ் ஜெயாவிலிருந்து கஸ்தூரி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீ சுகமாகத்தான் இருப்பாய். வாரம் தவறாமல் மெல்பர்னில் படம் பார்த்து முகநூலில் நாலு வரி விமர்சனம் போடுகிறாய். அதன் கீழே நான் எதையாவது எழுதினால் ஊரே படிக்கும் என்பதால்தான் இந்தக் கடிதம்.

போலீஸ் படத்துக்குச் சண்டை தூக்கல், கதை மட்டம் என்று எழுதியிருந்தாய். சரிதான். ஆனால் காதல் படம் மனசை உருக்கிவிட்டது என்றாயே, அது ரொம்ப ஓவர். ரயில் நிலையத்தில் கதாநாயகன் அழுதபோது எனக்குக் கொட்டாவி வந்தது. உன் பக்கத்தில் அந்தப் புதுத் தோழி புஷ்பவள்ளி அழுதிருப்பாள், உனக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும். குடும்பப் படத்துக்கும் 'நாங்கள் அழுதோம்' என்று போட்டிருக்கிறாய். கல்யாணமாகிப் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் ஒரு 'நாங்கள்'.

எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறைக்கவில்லை. புது ஊரில் அவளுக்கும் ஒரு துணை வேண்டாமா லா என்று அம்மா என்னைத்தான் ஏசினார்.

போன வாரப் பேய்ப் படத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீ கண்ணை மூடிக்கொண்டாயாம், புஷ்பவள்ளி காதோரம் கதை சொன்னாளாம். நடப்பதை நடக்கிறபடியே சொன்னாள், வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையிலேயே பயந்தேன் என்று மெச்சி வேறு எழுதியிருக்கிறாய். அது என் வேலை, லோஷினி. பள்ளிக்கூட நாளிலிருந்து நம் ஊர் குளுவாங் தியேட்டரில் நான் செய்துவந்த வேலை. பேய் கழுத்தை நெரிக்கும்போது, அது தலை சீவிக்கொண்டிருக்கிறது என்று சொல்வேன். நீ கண்ணை மூடியபடியே சிரிப்பாய், முன்வரிசைக்காரர்கள் திரும்பி முறைப்பார்கள். உன்னைப் பயப்படாமல் பார்த்துக்கொண்டதற்கு இதுதானா மரியாதை?

அதே படத்துக்கு நேற்று ஜொகூர் பாருவில் தனியாகப் போனேன். பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன். எனக்கும் பேய் என்றால் பயம். நீ கண்ணை மூடிக்கொண்டால் யாராவது ஒருத்தி பார்த்தாக வேண்டுமே என்றுதான் இத்தனை வருஷமும் திறந்து வைத்திருந்தேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீ நன்றாக இரு. புஷ்பவள்ளியும் நன்றாக இருக்கட்டும். அவளோடு எந்தப் படத்துக்கு வேண்டுமானாலும் போ, அழு, சிரி. பேய்ப் படத்தை மட்டும், தீபாவளிக்கு நீ வரும்வரை எனக்கு விட்டு வை.

உன்,
கஸ்தூரி