காரைத்தான் சொன்னேன்

17-11-1983, வியாழன் இரவு

எங்களோடு இருக்கும் அக்காவை டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது, தருமபுரத்தில் கார் நின்றுவிட்டது. ஆள் பிடித்துத் தள்ள வேண்டியதாயிற்று. அந்த எரிச்சலை வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் மனைவி மல்லிகாவிடம் கொட்டினேன்.

"இன்னும் எத்தனை நாளைக்குங்க வச்சிருக்குறது? அதுக்கு வயசாயிடுச்சு. செலவு பண்ணிக்கிட்டே இருக்கோம்" என்றாள்.

"பொங்கல் வரைக்கும் ஓடட்டும். அப்புறம் யாரு தலையிலயாவது கட்டிடுவோம்."

சாப்பிடக் கூப்பிடப் போனால், அக்கா பையில் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் குரும்பகரத்துக்கே போயிடுறேன் தம்பி. பஸ்ஸுலயே போயிக்குறேன்."

எங்கள் வீட்டில் அக்காவையும் 'அது' என்றுதான் சொல்வோம். அது சாப்பிட்டுச்சா, அதுக்கு மாத்திரை குடுத்தியா என்று, பாசமாகத்தான். காரைத்தான் சொன்னோம் என்று சத்தியம் செய்தேன். "சரிப்பா" என்று சிரித்தாள். நம்பவில்லை. பை இன்னும் கதவோரம் இருக்கிறது.

நாளைக்கே காரை விற்றால் ஒருவேளை நம்புவாள். ஆனால் ஒன்று. நான் சத்தியம் செய்தபோது மல்லிகாவும் பக்கத்தில்தான் நின்றாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவளும் காரைத்தான் சொன்னாளா? கேட்கப் பயமாக இருக்கிறது.