மண்டி கலையும் நேரத்துத் தண்ணீர்

திண்டிவனம்
18.10.2003

என் செல்லம் பவானிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றிலிருக்கிற குட்டியும் மஸ்கட்டில் அப்படியே இருக்க மயிலம் முருகன் துணை நிற்கட்டும். வாந்தி நின்றதா? வாய்க்குப் புளிப்பு கேட்கிறதென்று ஊறுகாயைத் தின்றே வயிற்றை நிரப்பாதே. நீ தை மாதம் பிரசவத்துக்கு வரும்போது குனிந்து மொண்டு குளிக்கக் கஷ்டப்படுவாயே என்றுதான் குளியலறையில் ஷவர் வைத்தோம். அதில் ஒரு வினை வந்தது, பயப்படாமல் படி.

காலையில் ஷவர் மழையாகக் கொட்டும். சாயங்காலம் மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டையெல்லாம் விற்று ஆட்கள் கலையும் நேரத்தில் திறந்தால் குழந்தை ஒன்றுக்குப் போகிற மாதிரி ஒழுகும். உப்புத் தண்ணீர், பொருக்கு அடைத்திருக்கும் என்று அப்பா ஷவர் தலையைக் கழற்றி எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டு, ஓட்டை ஓட்டையாக ஊசியால் குத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. பிளம்பர் இருதயராஜைக் கூப்பிட்டோம். அவன் குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்று வாயை வைத்து ஊதினான், பிறகு டேங்கை இன்னும் உயரத்தில் தூக்கி வைக்க வேண்டும் என்றான். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. பொருக்கோ காற்றோ இருந்தால் காலையிலும் அடைக்காதா, டேங்க் என்ன சாயங்காலமானால் கீழே இறங்கிவிடுகிறதா என்று கேட்டேன். அந்த நேரத்துக்கு வேறு யாரோ தண்ணீர் எடுக்கிறார்கள் என்றுதானே அர்த்தம். வீட்டிலோ நாங்கள் இரண்டே பேர். மறுநாள் அதே நேரம் ஷவரைத் திறந்துவிட்டுச் சுவரில் காதை வைத்தேன். அந்தப் பக்கம், உன் பெரியப்பா வீட்டுக் குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஒரே சீராக இல்லை, யாரோ மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்வது போல விட்டுவிட்டு விழுந்தது. பவானி, நான் ஷவரை மூடிவிட்டு வெளியே ஓடிவந்துவிட்டேன். பெரியப்பா இறந்துபோன நாளிலிருந்து அந்த வீடு பூட்டித்தான் கிடக்கிறது, சாவியும் வளவனூரில் பெரியம்மாவிடம் இருக்கிறது.

உனக்குத் தெரியும், டேங்க் இரண்டு வீட்டுக்கும் பொது. நடுச்சுவர் தகராறில் அண்ணன் வீட்டுக்குப் போகிற குழாயின் வால்வை மூடியவர் உன் அப்பாதான். மண்டியில் மூட்டை எடை போட்டு உடம்பெல்லாம் தூசியாக வரும் பெரியப்பா, சாகும்வரை தெருப் பம்பில் நின்றே குளித்தார். கடைசியில் அவரைக் குளிப்பாட்டப் பங்காளிகள் எல்லாம் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தபோதும் கூடப்பிறந்த தம்பி குடம் தூக்கவில்லை. அப்படி மூடிய குழாயில் தண்ணீர் எப்படிப் போகும்? இருதயராஜ் மாடியேறிப் பார்த்து, வால்வு முழுசா தொறந்துக்கினு கெடக்குதும்மா என்று கத்தினான். அப்பா தலையைக்கூடத் தூக்காமல் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

நானே பஸ் ஏறிப்போய்ப் பெரியம்மாவிடம் சாவி கேட்டேன். கொடுத்தவள், அவரு மண்டியிலேர்ந்து வந்து குளிக்கிற நேரத்துல போவாத ஜெயம், காலையில போ, போனாலும் கதவைத் தட்டிட்டுப் போ என்றாள். சிரிக்காமல் சொன்னாள். மறுநாள் காலை இருதயராஜோடு போனேன், தட்டிவிட்டுத்தான் திறந்தேன். கூடத்தில் விரல்கனத் தூசி, எங்கள் கால்தடம் தவிர வேறு தடம் இல்லை. குளியலறைத் தரை மட்டும் ஈரமாக இருந்தது. இருதயராஜ் குழாயைத் திருகிப் பார்த்தான். வாசர் தேஞ்சி போச்சு, சாயங்காலம் மோட்டார் போட்டு டேங்க் ரொம்புனா தாங்காம விட்டுடுது, இதுக்குப் போயி பேஜாரு பண்ணிக்கினு இருந்தீங்களே என்றான். சரிதான், ஆனால் இத்தனை நாள் தண்ணீர் விழுந்த தரையில் பாசி எங்கேடா என்று கேட்டேன். ஒரு நூலாம்படைகூட இல்லை, தேய்த்துக் கழுவின மாதிரி இருந்தது. அவன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

குழாயை ஒரேயடியாக அடைத்துவிடலாம் என்று அவன் மாடிக்குப் போனபோது அப்பா பின்னாலேயே போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். வேணாம்பா, நான்தான் தொறந்து வுட்டேன், எங்க அண்ணனத் தூக்கிக்கினு போன அன்னிக்கி, கொடந்தான் தூக்கல, இந்தத் தண்ணியாச்சும் போவட்டும்னு. சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது, பாவமாக இருந்தது. தரையைக் கழுவினது நீங்களா என்று கேட்டேன். முருகன் மேல் சத்தியமாக உள்ளே கால் வைக்கவில்லை என்றார்.

வால்வு அப்படியேதான் இருக்கிறது, நான் மூடச் சொல்லவில்லை. முந்தாநாள் அப்பா கடையிலிருந்து இரண்டு சோப்பு வாங்கிவந்தார். ஒன்றை நம் குளியலறையில் வைத்தார், இன்னொன்றை என்னிடம் சாவி வாங்கிப்போய்ப் பெரியப்பா வீட்டுக் குளியலறை மாடத்தில் தண்ணீர் படாத இடமாகப் பார்த்து வைத்தார். இன்று காலை போய்ப் பார்த்தேன். தேய்ந்திருக்கிறது.

வயிற்றுப்பிள்ளைக்காரி இங்கே வரலாமா என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு மண்டியெல்லாம் சுற்றின பெரியப்பா, உன்னை ஒன்றும் செய்யமாட்டார். நீயும் பிள்ளையும் நூறு வயசு நன்றாக இருங்கள், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசியைச் சொல். ஒன்றை மட்டும் மறக்காதே. வந்தபிறகு காலையிலேயே குளித்துவிடு. மண்டி கலையும் நேரத்தில் ஷவரைத் திறக்காதே, அவருக்குத் தண்ணீர் குறைந்துவிடும்.

உன் அம்மா
ஜெயம்