பாலனுக்குக் கொடுத்த லைட் டியூட்டி

12 மார்ச் 1987
காலை ரோல்காலில் கார்ப்பரல் பாலன் நின்றபடியே தூங்கி விழுந்தான். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதம் பண்டமாரான் சாலையில் லோரி மோதி நசுங்கிய பள்ளி வேனிலிருந்து பிள்ளைகளை வெளியே தூக்கியவன் அவன்தான். அன்றிலிருந்து தூக்கமே இல்லையாம். கேட்டால், "ஒண்ணுமில்ல மேடம், கொஞ்சம் டயர்ட்லா" என்கிறான்.

14 மார்ச்
எங்கள் போலீஸ் ஸ்டேஷனில் ஒருவன் சோர்ந்துபோனால் டாக்டரிடம் அனுப்புவதில்லை. துப்பாக்கி அறையில் உட்கார வைப்போம். வெயில் இல்லை, அலைச்சல் இல்லை. டியூட்டிக்குப் போகிறவனுக்குத் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்து, திரும்பியதும் வாங்கிப் பூட்டினால் போதும். பாலனையும் அங்கே போட்டேன். சல்யூட் அடித்தான். பெரிய புண்ணியம் செய்துவிட்டதாக எனக்கு ஒரு திருப்தி வேறு.

15 மார்ச்
தலைவலி. எழுத ஒன்றுமில்லை.

19 மார்ச்
பாலனின் மனைவி இராஜம்மா என் வீட்டுக்கே வந்துவிட்டாள். "மேடம், 'நான் இல்லன்னா நீங்க நிம்மதியா இருப்பீங்க'ன்னு சொல்றாரு. பிள்ளைங்கள ஒரு மாதிரி பாக்குறாரு. பயமா இருக்கு." அழுகைக்கு நடுவில், "வேலைய மட்டும் எடுத்துராதீங்க. குவாட்டர்ஸ் வீடும் போயிட்டா எங்க போவோம்?"

அப்போதுதான் உறைத்தது. ஐயோ, அவனை எங்கே கொண்டுபோய் உட்கார வச்சிருக்கேன்! இன்ஸ்பெக்டராம் இன்ஸ்பெக்டர்!

காரை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். துப்பாக்கிகளுக்கு நடுவில், யூனிஃபார்ம் கசங்காமல் உட்கார்ந்திருந்தான். சாவியைக் கேட்டேன். "நான் என்ன தப்பு பண்ணேன் மேடம்?" எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையை நீட்டியபடியே நின்றேன். கடைசியில் கொடுத்தான். அவன் விரல்கள் ஜில்லென்றிருந்தன.

20 மார்ச்
மேலதிகாரி, எங்கள் துவான், கூப்பிட்டார். லீவு மட்டும் கொடு, மனநோய் என்று எழுதினால் அவன் கதை முடிந்தது என்றார். கெட்ட மனிதர் இல்லை. எழுதாவிட்டாலும் அவன் கதை முடியும், துவான் என்றேன். மனநோய் என்றே எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டேன்.

2 ஏப்ரல்
ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினான்.

27 ஆகஸ்டு
மருத்துவக் குழு பாலனை வேலையிலிருந்து அனுப்பிவிட்டது. இன்று குவாட்டர்ஸைக் காலி செய்தார்கள். ஸ்டேஷன் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து லோரியில் சாமான் ஏற்றினார்கள். நான் பக்கத்தில் போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் கண்ணுக்கு நான் ஒருவன் சோற்றில் மண்ணைப் போட்டவள். நான் செய்தது சரிதானே? சரிதான். பிறகு ஏன் இப்படி வலிக்கிறது?

8 நவம்பர், ஞாயிறு
பிரிக்பீல்ட்ஸில் இராஜம்மாவின் அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறார்கள். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். படியிலேயே நிறுத்திவிட்டாள். "தூங்குறாரு மேடம். இப்பல்லாம் நல்லா தூங்குறாரு."

அங்கேயே அழுதுவிடுவேன் போலிருந்தது, சந்தோஷத்தில். எழுந்ததும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் மேடம். உங்க பேரக் கேட்டாலே அன்னிக்கு ராத்திரி முழுக்க உக்காந்தே இருக்காரு. நீங்கதான் காப்பாத்துனீங்க, எனக்குத் தெரியும். ஆனா இனிமே வராதீங்க."

பையை வாங்கிக்கொண்டாள். உள்ளே போய், சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள்.