நெஞ்சளவுக்கு மேலே வைத்த கை

அப்பா,

கிழக்கேகோட்டை பஸ்ஸில் இன்று ஓர் அம்மா தன் குழந்தையின் செருப்புப் பட்டையைப் பிரித்தாள். 'பர்ர்' என்ற அந்தச் சத்தத்தில் நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன். பிரஷர் பார்த்து முடித்ததும் மருந்துக்கடை அண்ணாச்சி உங்கள் கையிலிருந்து பட்டையைப் பிரிக்கும்போது வரும் அதே சத்தம்.

சனிக்கிழமைதோறும் அவர் கடைக்குப் போவோம். உங்களுக்கு ஆஸ்பத்திரி ஆகாது. "டாக்டர் மலையாளத்துல பயங்காட்டுவாரு மக்களே. அண்ணாச்சி நம்ம நாகர்கோவில்காரரு, தமிழ்ல தைரியம் சொல்லுவாரு" என்பீர்கள். கடை வாசலில் குட்டை ஸ்டூல் ஒன்று உண்டு. அதில் உங்களை உட்காரவைத்து, கையைத் தூக்கி உயரமான கண்ணாடி மேசைமேல் வைப்பார். கை உங்கள் தோளுயரத்தில் இருக்கும். ஒரு சனிக்கிழமை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நூத்தி முப்பத்தாறு. கொள்ளாம்! புது மாப்பிள்ளை மாதிரில்லா இருக்கீரு. மாத்திரையப் பாதியாக்கும் வே."

"மாத்திரை விக்கிறவரே வேண்டாங்கிறாரு, பின்னே என்ன?" என்று சிரித்தீர்கள். நான் அந்த எண்ணை வேதியியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

அதிலிருந்து மூன்றாம் மாதம் அலுவலக நாற்காலியிலேயே சரிந்தீர்கள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நீங்கள் பிறகு கண் திறக்கவேயில்லை. "ஆரா மருந்து குறச்சது?" என்று டாக்டர் கேட்டபோது அம்மா தரையைப் பார்த்தாள்.

அதன்பிறகு பள்ளியில் மருத்துவ முகாம் நடந்தது. நான் வாயைத் திறந்ததும் நர்ஸ் சேச்சி, "மிண்டாதெ இரிக்கு மோளே" என்று அதட்டி, என் கையை நெஞ்சளவில் வைத்தார். ஏன் என்று கேட்டேன். கை மேலே போனால் எண் கீழே இறங்கும் என்றார். நம்ப முடியாமல், கையைத் தூக்கிவைத்து இன்னொரு முறை பார்க்கச் சொன்னேன். இறங்கியது. மூன்று முறை பார்த்தோம், மூன்று முறையும் இறங்கியது. அன்று நான் சோறு உண்ணவில்லை.

அடுத்த சனிக்கிழமை கடையில் நல்ல கூட்டம். வேண்டுமென்றே அப்போது போனேன்.

"அண்ணாச்சி, ஸ்கூல் புராஜெக்ட். உங்களுக்குப் பிரஷர் பாக்கணும்."

"நம்ம பிள்ளை டாக்டராகப் போவுது!" என்று சிரித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். கை கண்ணாடி மேசைமேல். நூற்று முப்பத்தெட்டு. "பாத்தியா, நார்மலு."

பிறகு அவரைக் கல்லா நாற்காலிக்கு மாற்றினேன். முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்தேன். மருந்துப் பெட்டிகளை அடுக்கி, அவற்றின்மேல் கையை நெஞ்சளவில் வைத்தேன். நூற்று ஐம்பத்தொன்பது.

"மிஷின் கம்ப்ளெய்ன்டாக்கும்."

சற்று விட்டு மறுபடி பார்த்தேன். நூற்று ஐம்பத்தேழு.

"அப்போ எனக்கு இத்தனை நாளு பாத்தது என்னவே?" என்றார் வரிசையில் நின்ற ஒருவர். அண்ணாச்சி மிஷினைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மக்களே, இது கூடுதல்தானே?"

"நார்மலாக்கும் அண்ணாச்சி. மாத்திரையப் பாதியாக்குங்க" என்றேன், அவருடைய ராகத்திலேயே. கண்ணாடியைத் தட்டி, "எங்கப்பா கை இங்கதான் இருந்துச்சு" என்றும் சொன்னேன். அப்போது அவர் முகம் போன போக்கு இருக்கிறதே, அதற்காகத்தான் நான் ஒரு வாரம் காத்திருந்தேன்.

"பாவம்ட்டீ, அவருக்குத் தெரியாதுல்லா" என்று அம்மா திட்டினாள். தெரியாதவர் மாத்திரையில் ஏன் கை வைத்தார்?

இப்போது அந்தக் கடையில் தாழ்வான மேசையும் சாயும் நாற்காலியும் வந்துவிட்டன. அவரும் டாக்டரிடம் போகிறாராம். எனக்கு அது போதவில்லை. சனிக்கிழமைகளில் போய், எதுவும் வாங்காமல், ஓரமாக நின்று பார்க்கிறேன். என்னைக் கண்டதும் அவர் கட்டிய பட்டையைப் பிரித்து மறுபடி கட்டுகிறார்.

சென்ற வாரம் பக்கத்தில் வந்து, "மன்னிச்சிரு மக்களே" என்றார். நாற்காலியில் ஒரு பெரியவர் பட்டையோடு காத்திருந்தார்.

"அவர் கையை இன்னும் கொஞ்சம் இறக்கி வைங்க" என்றேன். அண்ணாச்சிக்குத் தர என்னிடம் அதுதான் இருக்கிறது, அப்பா.