நோர்மாவின் பஸ்

பினாங்கு
4-6-1934

அன்புள்ள அத்தானுக்கு, நவமணி எழுதுவது. நலம். கெப்பாலா பத்தாஸ் பட்டறையில் சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்கிறதா?

போன கடிதத்தில் வரிக்கு வரி நோர்மா. பஸ்ஸின் சொந்தக்காரி, கணவனை இழந்தவள், அந்த ஒரு பஸ்தான் அவள் பிழைப்பு. எல்லாம் புரிகிறது. நீங்கள் இன்ஜினைப் பிரித்து வேலை செய்யும்போது அவள் ஏன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும்? இன்ஜினைச் சுற்றும் கைப்பிடியைக்கூட அவள்தான் சுற்றுகிறாளாமே. நீ டீச்சர், உன் கையில் எண்ணெய்க்கறை படக்கூடாது என்று என்னிடம் மட்டும் சொல்லுங்கள்.

இந்தச் சனிக்கிழமை வராவிட்டால் பிறகு வரவே வேண்டாம்.

நவமணி


கெப்பாலா பத்தாஸ்
7-6-1934

நவமணிக்கு, ஆசிகள்.

கோபிக்காதே. இன்ஜின் தண்டைத் தாங்கும் பேரிங்குகளுக்குப் புது ஈயம் வார்த்திருக்கிறேன். மூடியை முடுக்கினால் தண்டு அசைய மறுக்கிறது. தண்டில் நீல மை தடவி, ஒரு சுற்றுச் சுற்றி, மூடியைக் கழற்றி, மை ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்ட வேண்டும். எண்ணெய் புகுந்து போக மயிரிழை அளவு இடைவெளி வந்தால் போதும். இதற்கு ஒருவர் சுற்ற வேண்டும், ஒருவர் பார்க்க வேண்டும். வேறு ஆள் இல்லை, அதனால் அவள். "தம்பி, இன்னும் டைட்டாத்தான் இருக்குலா" என்பாள். பேச்சே அவ்வளவுதான்.

நடு பேரிங் மட்டும் இன்னும் இறுக்கம். ஓட ஓடத் தளர்ந்துவிடும். மூடிவிட்டு சனிக்கிழமை வருகிறேன்.

சுப்பையா


கெப்பாலா பத்தாஸ்
13-6-1934

நவமணி,

திங்கட்கிழமை பட்டர்வொர்த் போகும் வழியில், பயணிகளோடு பஸ் நின்றுவிட்டது. நடு பேரிங்கில் எண்ணெய் புக இடமில்லாமல் ஈயம் உருகித் தண்டைப் பிடித்துக்கொண்டது. சரி செய்யாமல் மூடியது நான்.

பட்டறை முதலாளி தவுக்கே, "நாளையிலிருந்து இந்தப் பக்கம் வராதே" என்று கத்தினார். நோர்மா குறுக்கே வந்து, "நான்தான் அவசரப்படுத்தினேன், தம்பியைத் திட்டாதீங்க" என்றாள். அவள் அவசரப்படுத்தவே இல்லை. "ரெண்டு நாள் கூட ஆனா ஆகட்டும்லா" என்றுதான் சொன்னாள். தவுக்கே பழுதுச் செலவை அவள் தலையில் போட்டு என்னை வேலையில் வைத்துக்கொண்டார்.

மறுபடி ஈயம் வார்த்தாயிற்று. இந்த முறை மூடிக்கு அடியில் மெல்லிய பித்தளைத் தகடு வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிறேன். மற்ற பேரிங்குகளில் தண்டு ஒரு கையாலேயே சுற்றுகிறது. நடுவில் உள்ளதுதான் பாக்கி.

நோர்மாவுக்கு நன்றி சொல்லி நீ ஒரு வரி எழுது.

சுப்பையா


பினாங்கு
15-6-1934

அத்தான்,

நன்றி எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. மூன்று தாளைக் கிழித்தேன்.

உங்களுக்காகப் பொய் சொல்ல அவள் யார்? சோறு உண்ணும்போதெல்லாம் இனி அவளை நினைப்பீர்கள். நல்லவள் என்று வேறு சொல்வீர்கள். நல்லவள்தான். அதுதான் எனக்கு ஆகவில்லை.

சனிக்கிழமை என்று கெடு வைத்தது நான். நீங்கள் சரி செய்யாமல் மூடியது என்னால். இதில் அவளுக்கு என்ன பங்கு?

ஞாயிற்றுக்கிழமை காலை ஃபெர்ரியில் வருகிறேன். அங்கிருந்து வேறு யாருடைய பஸ்ஸிலாவது வந்து சேர்வேன். பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வந்தாலே பயத்தில் என் பெயரைக்கூடச் சொல்லாமல் விழுங்குகிறவள் நான். இருந்தாலும் தவுக்கே எதிரில் நின்று, அவசரப்படுத்தியது நான் என்று சொல்லிவிடுவேன். செலவு என் சம்பளத்தில் கழியட்டும். அவள் ஒரு காசும் தரக்கூடாது.

நடு பேரிங்கை மூட அவசரம் வேண்டாம். எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும்.

நோர்மாவிடம் சொல்லி வையுங்கள்: அந்தப் பழி என்னுடையது. அதை அவளுக்கு விட்டுத்தர மாட்டேன்.

உங்கள்
நவமணி