பத்து டெசிபல்

ஜூன் 4

அன்புள்ள உங்களுக்கு,

நலம். அக்கா வீட்டுக்கு வந்து நாற்பது நாளாகிவிட்டது. நேற்று அவள் ஒரு போடு போட்டாள்: "உன் வீட்டுக்காரருக்கு நிஜமாவே காது கேக்கலையோ என்னவோ, பாத்தியாடி?"

தூக்கிவாரிப் போட்டது. ஆஸ்பத்திரியில் பதினாறு வருஷமாக ஊரார் காதையெல்லாம் சோதிக்கிறீர்கள். உங்கள் காதை யார் சோதித்தார்கள்? மூன்று தடவை "என்னங்க" என்றால்தான் நிமிர்வீர்கள். அலட்சியம் என்று நினைத்துத்தான் பெட்டியைக் கட்டினேன். காதில்தான் கோளாறு என்றால் அன்றே திரும்பி வருகிறேன். அளந்து பார்த்து, உள்ளதை எழுதுங்கள்.

அடுப்பை அணைத்துவிட்டுத்தானே வேலைக்குப் போகிறீர்கள்?

உங்கள் வாயாடி

ஜூன் 11

என் வாயாடிக்கு,

அடுப்பு அணைகிறது.

முதலில் நானே சோதித்துக்கொண்டேன். ஒரு கையால் ஒலியை அனுப்பி, மறு கையால், ஒலி கேட்டதும் அழுத்த வேண்டிய பொத்தானை அழுத்தினேன். ஒலி வருமுன்பே விரல் அழுத்திவிட்டது. என் பரீட்சைத் தாளை நானே திருத்திய கதைதான். அப்புறம் நர்சம்மாவைக் கெஞ்சி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்தேன். அவர் ஒலியைக் குறைத்துக்கொண்டே போனார். கோளாறு இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான்.

இரண்டு காதுக்கும் பத்து டெசிபல் ஒலியே கேட்டுவிடுகிறது. இருபத்தைந்து வரைக்கும் நல்ல காதுதான். "பாம்புக் காது சார் உங்களுக்கு!" என்றார் நர்சம்மா.

பொய் எழுதிவிடலாமா என்று பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மனம் வரவில்லை.

வீட்டிலும் ஒரு சோதனை செய்து பார்த்தேன். காதில் விழுந்த ஒவ்வொரு சத்தத்துக்கும் மேசையில் ஒரு தட்டு தட்டினேன். மாடிக்காரர் செருப்பு, குழாய்ச் சொட்டு, எதுவும் தப்பவில்லை. அப்படியென்றால் நீ இங்கே இருந்தபோது உன் குரலும் முதல் தடவையே விழுந்திருக்கிறது. இன்னும் இரண்டு தடவை கூப்பிடுவாய் என்ற தைரியத்தில் நிமிராமல் இருந்திருக்கிறேன். இதை அளக்க எங்கள் அறையில் கருவி கிடையாது. வெட்கமாக இருக்கிறது.

உன் பாம்புக் காதுக்காரன்

ஜூன் 16

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தை அக்கா இரண்டு முறை படித்தாள். "மனுஷன் காது லேசா மந்தம்னு எழுதியிருந்தா இந்நேரம் நீ பஸ் ஏறியிருப்பே" என்றாள். ஏறித்தான் இருப்பேன். ஆயுசு முழுக்கக் கத்தியும் பேசியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன். அழைப்பு மணியைத் தொட மாட்டேன். வாசலில் நின்று, மெதுவாக, ஒரே ஒரு தடவை "என்னங்க" என்பேன்.

இங்கே அக்கா வீட்டுக்குத் திரும்பி வர பத்தரைக்கு ஒரு பஸ் இருக்கிறது.

வாயாடி