உன் அத்தான் ஓடிப்போகவில்லை

பைன் ஹாலோ, மேற்கு வர்ஜீனியா
நவம்பர் 4, 1937

அன்புத் தம்பி வெர்னனுக்கு,

அக்கா ஹேசல் எழுதுவது. நானும் பேர்லும் இருக்கிறோம். பிள்ளைக்கு இருமல் விட்டபாடில்லை. ஹாலிவுட்டில் உனக்கு நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கிறதா? சின்ன வயதிலிருந்தே நீ பசி தாங்கமாட்டாய்.

நீ கதை எழுதிய படம் சனிக்கிழமை இங்கே வந்தது. கொட்டகையே குலுங்கியது. செத்ததாகச் சொன்னவன் தன் சவ அடக்கத்துக்குத் தானே தள்ளாடி வந்து, "யாருக்குய்யா இவ்வளவு பூ? குடுத்து வச்ச பய!" என்று கேட்கிறானே, அங்கே நானும் சிரித்துவிட்டேன். நம் ஓட்டிஸ் பார்லியும் அன்று கல்லறையில் அப்படித்தானே வந்து நின்றான்? சிரித்ததை நினைத்தால் என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

ஓட்டிஸ் குடித்துவிட்டுக் கிடந்ததால்தான் உன் அத்தான் அவனுடைய பித்தளை அடையாள வில்லையை மாட்டிக்கொண்டு சுரங்கத்தில் இறங்கினார். இங்கே எல்லாரும் செய்கிற உதவிதான். விபத்துக்குப் பிறகு கிடைத்த உடம்பில் அந்த வில்லை இருந்ததால்தான் ஓட்டிஸ் என்று நினைத்து அடக்கம் செய்யப் போனோம். அவருடைய வில்லை வெளியே ஆணியிலேயே தொங்கியது. அதைக் காட்டித்தான் இன்சூரன்ஸ் கம்பெனி, கிளெம் உள்ளே போகவே இல்லை, வீட்டை விட்டு ஓடிவிட்டான் என்று சாதிக்கிறது.

ஓட்டிஸ் வந்த பிறகு பெட்டியைத் திறந்தார்கள். என்னை விடவில்லை, நீ பார்த்தாய். "முகம் அடையாளம் தெரியலக்கா. ஆனா எடது கால்ல சுண்டுவிரல் இல்ல. அத்தான்தான்" என்று வாசலில் உட்கார்ந்து அழுதாய். பெட்டியைத் திறந்த சுரங்கத்து ஆட்கள் இப்போது, எதையும் கவனிக்கவில்லை என்கிறார்கள். சாட்சி சொல்ல வா என்று இரண்டு முறை எழுதினேன். பதில் இல்லை. படம்தான் வந்தது.

படத்தில் உன் அத்தானைப் பிளோரிடாவுக்கு ஓடவிட்டாய். பணக்காரி ஒருத்தியோடு படகில் ஆடவிட்டாய். கடைசியில் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வரவைத்தாய். கதவு திறந்ததும் நான் என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன், வெர்னன். "உக்காரும்மா, மறைக்குது" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

திங்கட்கிழமை இன்சூரன்ஸ் ஏஜெண்டு கிரிம்ஸ்லி வந்தார். "என்னம்மா, ஒன் கூடப்பொறந்தவனே ஊரறியச் சொல்லிட்டான். இனிமே நான் என்னத்தச் சொல்ல? பிளோரிடாவுல போய்த் தேடு" என்று சிரித்தார். கடைத்தெருவிலும் இதே பேச்சுதான். நேற்று பேர்ல் என்னிடம், "அப்பா படகுலயா இருக்காரு?" என்று கேட்டாள்.

கோபம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். வயிறு எரிகிறது. ஆனால் அழுதவனும் நீதான், அதை நான் மறக்கவில்லை.

பதினெட்டாம் தேதி இன்சூரன்ஸ் வழக்கு. தோற்றால் சுரங்கக் கம்பெனி கொடுத்த இந்த வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். அவர் கல்லறைச் சிலுவையில் இன்னும் பெயர் எழுதவில்லை. மேல்மாடி அறையில் உனக்குப் படுக்கை போட்டு வைத்திருக்கிறேன். இங்கே பனி ஆரம்பித்துவிட்டது, கம்பளிக் கோட்டு எடுத்து வா.

கதவுச் சத்தம் கேட்டாலே பேர்ல் எழுந்து ஓடுகிறாள். அவளை உட்காரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கதையில் அவரை உயிரோடு கொண்டுவந்தவன் நீ. நீ நன்றாக இருக்க வேண்டும், உன் படங்கள் நன்றாக ஓட வேண்டும். ஒரே ஒரு தடவை வந்து, அவர் செத்துவிட்டார் என்று சொல்லிவிட்டுப் போ.

உன் அக்கா,
ஹேசல்